நான்கிலிருந்து ஐந்துக்கு மாற்றும்போது கியர் விழவில்லை: தவறு என் காலிலா, வண்டியிலா?

புதுக்கைப்பிடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஆறு கியர் உள்ள மோட்டார் சைக்கிளை எட்டு மாதங்களாக ஓட்டி வருகிறேன். அதற்கு முன் கியர் இல்லாத ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டிப் பழக்கம்.

சென்ற வாரம் நெடுஞ்சாலையில் ஒரு சரக்கு வாகனத்தை முந்திக்கொண்டிருந்தபோது நான்காம் கியரிலிருந்து ஐந்தாம் கியருக்கு மாற்றினேன். லீவர் நகர்ந்ததைக் கால் உணர்ந்தது. ஆனால் கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரைத் திருகியதும் எஞ்சின் வீறிட்டதே தவிர, வண்டிக்கு இழுவை இல்லை. பக்கத்தில் சரக்கு வாகனம், பின்னால் இன்னொரு கார். பதற்றத்தில் லீவரைக் கீழே மிதித்துவிட்டேன். பின்சக்கரம் கிறீச்சிட்டு ஒரு கணம் பக்கவாட்டில் துள்ளியது. எப்படியோ வண்டியை ஓரம் சேர்த்துவிட்டேன், விழவில்லை. அன்றிலிருந்து முந்துவதற்கே தயக்கமாக இருக்கிறது.

நியூட்ரல் விளக்கு எரியவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நியூட்ரல் இல்லையென்றால் வண்டி எந்தக் கியரில் இருந்தது? அந்த நொடியில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? இதே கோளாறு ஒரு மாதத்தில் நான்கைந்து முறை வந்துவிட்டது. கியர்பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டுமா?

பழைய பட்டறை

முதலில், நீங்கள் விழாமல் ஓரம் சேர்ந்ததில் மகிழ்ச்சி. முப்பது ஆண்டுகளாக கியர்பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெட்டியைப் பிரிக்கும் பேச்சைக் கடைசிக்கு வையுங்கள். கியர் விழவில்லை என்று என்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே எந்தச் சேதமும் இருப்பதில்லை.

வண்டி எந்தக் கியரில் இருந்தது என்று கேட்டீர்கள். எந்தக் கியரிலும் இல்லை. மோட்டார் சைக்கிளின் கியர்பெட்டியில் எல்லாப் பல்சக்கரங்களும் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுழன்றுகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு இணையிலும் ஒரு சக்கரம் தண்டோடு பிணைக்கப்படாமல் சும்மா சுழலும். அதைத் தண்டோடு பூட்டுவதற்குப் பக்கவாட்டில் கட்டையான முட்டுகள் இருக்கின்றன. டாக் என்று சொல்வோம். நீங்கள் லீவரைத் தூக்கும்போது உள்ளே ஒரு டிரம் சிறிதளவு சுழல்கிறது, அதன் மேல் வெட்டப்பட்ட வளைந்த காடிகள் கவை போன்ற ஃபோர்க்குகளைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன, ஃபோர்க் ஒரு சக்கரத்தை நகர்த்தி, அதன் டாக்குகளைப் பக்கத்துச் சக்கரத்தின் டாக்குகளுக்கு இடையில் செருகுகிறது. இதுதான் கியர் விழுவது.

நான்காம் கியரின் டாக்குகள் விடுபட்டு, ஐந்தாம் கியரின் டாக்குகள் இன்னும் செருகப்படாத ஓர் இடைவெளி எப்போதும் உண்டு. சாதாரணமாக டிரம்மின் முனையில் உள்ள நட்சத்திர வடிவச் சக்கரமும், அதன் பள்ளங்களில் அமரும் சுருள்வில் பூட்டிய உருளையும் டிரம்மை அடுத்த பள்ளத்துக்குள் இழுத்துவிடும். காலின் அழுத்தம் பாதியில் நின்றாலோ, டாக்குகள் முகத்தோடு முகம் முட்டித் திரும்பினாலோ டிரம் அந்த இடைவெளியிலேயே தங்கிவிடும். பொய் நியூட்ரல் என்பது இதைத்தான். நியூட்ரல் விளக்கின் சுவிட்ச் டிரம்மின் ஒரே ஓர் இடத்தில், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் உள்ள உண்மையான நியூட்ரலில் மட்டுமே தொடும். அதனால்தான் விளக்கு எரியவில்லை.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ளுங்கள். லீவரை ஒருமுறை இயக்கிய பின் அது தன் நடுநிலைக்கு முழுவதும் திரும்பினால்தான் அடுத்த கியருக்கான கொக்கி பிடிக்கும். காலை லீவருக்கு அடியில் முட்டுக்கொடுத்தபடி வைத்திருப்பவர்களுக்கு அடுத்த மாற்றம் வெறுமனே ஆடிவிட்டுப் போவதற்கு இது ஒரு காரணம்.

மலைச்சாலை

அந்த நொடியில் என்ன செய்வது என்பதற்கு என் பதில். மலைப்பாதைகளில் அதிகம் ஓட்டுவதால் இது எனக்குப் பலமுறை நேர்ந்திருக்கிறது. ஒருமுறை கொண்டை ஊசி வளைவின் நுழைவாயிலிலேயே நேர்ந்தது.

எஞ்சின் வீறிட்ட உடனே வலக்கை ஆக்சிலேட்டரை மூட வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். கிளட்சை முழுவதும் பிடியுங்கள். கண் சாலையிலேயே இருக்கட்டும், லீவரைக் குனிந்து பார்க்க வேண்டாம். பிறகு காலின் முன்பகுதியால் லீவரை உறுதியாக ஒருமுறை மேலே தூக்குங்கள், கிளட்சை மெல்ல விடும்வரை அந்தத் தூக்கலைத் தளர்த்தாதீர்கள். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் சிக்கிய வண்டி ஐந்தில் விழும். கணக்குத் தவறி ஆறில் விழுந்தாலும் கேடில்லை. வண்டி சற்றுச் சோம்பலாக இழுக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் மிதித்தது தவறான திசை. அந்த வேகத்தில் கீழ்க்கியர் விழுந்து, கிளட்ச் திடீரென விடப்பட்டால், எஞ்சினின் முழு எதிர்ப்பும் பின்சக்கரத்தின் மேல் இறங்கும். நீங்கள் கேட்ட கிறீச்சொலி அதுதான். ஈரச் சாலையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே மனம் வரவில்லை.

இறக்கத்தில் கீழ்க்கியருக்கு மாற்றும்போது விழாமல் போவது வேறு கதை. அங்கே எஞ்சின் கத்தாது. மாறாக, வண்டி திடீரென்று இலேசாகி, யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல ஓடத் தொடங்கும். எஞ்சின் பிடிப்பு மறைந்துவிட்டது என்று பொருள். கியரைத் தேடுவதற்கு முன் வேகத்தைப் பிரேக்கால் குறைத்துக்கொள்ளுங்கள். கியர் இல்லாமலும் பிரேக்குகள் முழுமையாக வேலை செய்யும் என்பதைப் பதற்றத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். வேகம் கட்டுக்குள் வந்த பிறகு கிளட்சைப் பிடித்து, மீண்டும் உறுதியாக மிதித்து, ஆக்சிலேட்டரைச் சிறிது திருகி எஞ்சின் வேகத்தை உயர்த்தி, கிளட்சை மெல்ல விடுங்கள். வளைவுக்குள் சாய்ந்த பிறகு இது நேர்ந்தால், சாய்வைக் கலைக்காமல், பார்வையை வளைவின் முடிவில் வைத்து, வெளியே வந்த பிறகு கியரைச் சரிசெய்வதே நல்லது.

அளவுகோல்

மேலே சொன்ன "தவறான திசை" எவ்வளவு பெரிய தவறு என்பதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். ஒரு வண்டியின் இரண்டாம் கியர் விகிதம் 1.88, மூன்றாம் கியர் விகிதம் 1.36 என்று எடுத்துக்கொள்வோம். மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுழலும் வேகத்தில் ஒருவர் மேலே தூக்க நினைத்துக் கீழே மிதித்துவிடுகிறார். கிளட்ச் முழுவதும் விடப்பட்டதும், அதே சாலை வேகத்தில் எஞ்சின் 8,000 பெருக்கல் 1.88 வகுத்தல் 1.36, அதாவது ஏறத்தாழ 11,000 சுற்றுக்கு இழுக்கப்படும்.

பலர் நம்பியிருக்கும் சுற்றுக் கட்டுப்பாடு இங்கே உதவாது. அது எரிபொருளையோ தீப்பொறியையோ நிறுத்தி எஞ்சின் தானாக மிகை வேகம் போகாமல் தடுக்கும். சக்கரம் எஞ்சினை இழுக்கும்போது நிறுத்துவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. வால்வுச் சுருள்வில்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனால் வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்து முட்டக்கூடும்.

பொய் நியூட்ரலில் எஞ்சின் வீறிடுவது இதைவிடச் சிறிய ஆபத்து, ஏனெனில் அங்கே கட்டுப்பாடு வேலை செய்யும். ஒருமுறை வீறிட்டதால் எஞ்சின் கெட்டிருக்குமோ என்று புதுக்கைப்பிடி கவலைப்பட வேண்டாம். எதிர்முறுக்கைத் தளர்த்தும் ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள வண்டிகளில் பின்சக்கரம் துள்ளுவது குறையும். ஆனாலும் இரண்டு கியர் தவறாக மிதிப்பதற்கான அனுமதிச் சீட்டாக அதைக் கருதக் கூடாது.

வேகத்தடம்

கிளட்சே இல்லாமல் மேல்கியருக்கு மாற்றிப் பாருங்கள் நண்பரே. லீவரில் முன்கூட்டியே சிறிது மேலழுத்தம் கொடுத்து, ஆக்சிலேட்டரை ஒரு கணம் தளர்த்தினால் டாக்குகளின் மேல் உள்ள சுமை நீங்கி கியர் வெண்ணெய் போல் விழும். நான் பல ஆண்டுகளாக மூன்றாம் கியருக்கு மேல் கிளட்சைத் தொடுவதே இல்லை. எனக்குக் கியர் விழாமல் போனதும் இல்லை.

பழைய பட்டறை

வேகத்தடம் சொல்வது நடைமுறையில் உண்மை; கை தேர்ந்தவர்கள் செய்கிறார்கள், பெட்டியும் தாங்குகிறது. ஆனால் இந்த இழையைத் தொடங்கியவருக்கு அதைப் பரிந்துரைப்பதை நான் ஏற்கவில்லை. ஆக்சிலேட்டரைத் தளர்த்தும் கணமும் காலின் அழுத்தமும் ஒன்றுசேர வேண்டும். சேராவிட்டால் டாக்கின் முனை அடுத்த டாக்கின் முனையில் உரசித் தெறிக்கும். அப்படி ஆயிரம் முறை தெறித்தால் முனைகள் மழுங்கும். மழுங்கிய டாக்குகள் சுமையில் ஒன்றையொன்று வெளியே தள்ளும். இன்று காலில் இருக்கும் குறையை நாளை பெட்டிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி அது.

கிளட்சைப் பிடிக்காமலேயே கியர் மாற்ற உதவும் குவிக்ஷிஃப்டர் கருவி உள்ள வண்டிக்காரர்களுக்கும் ஒரு சொல். அதன் உணரி லீவரின் அழுத்தத்தைக் கண்டவுடன் சில பத்து மில்லிநொடிகளுக்கு எஞ்சினின் விசையை நிறுத்துகிறது. தயங்கித் தயங்கித் தூக்கினால் டிரம் முழுவதும் சுழல்வதற்குள் அந்தக் கால அளவு முடிந்து, விசை திரும்பிவிடும். கருவி இருந்தாலும் கால் உறுதியாக இருக்க வேண்டும்.

இரண்டு வண்டிக்காரன்

என்னிடம் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்றில் எல்லாக் கியர்களும் முன்னால் மிதித்தால் ஏறும். மற்றதில் ஒன்று கீழே, மற்றவை மேலே. காலையில் ஒன்றையும் மாலையில் மற்றதையும் ஓட்டுகிறேன். சோர்ந்திருக்கும்போது கால் மற்ற வண்டியின் நினைவில் வேலை செய்துவிடுகிறது. இதற்கு ஏதேனும் வழி உண்டா?

பழைய பட்டறை

வண்டியை எடுத்ததும் நின்ற இடத்திலேயே கிளட்சைப் பிடித்து ஒன்று, நியூட்ரல், மறுபடி ஒன்று என்று இரண்டு மூன்று முறை போட்டுக் காலுக்கு நினைவூட்டுங்கள். முதல் சில நிமிடங்கள் மெதுவாக ஓட்டுங்கள். இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. உங்கள் குழப்பம் பழையதுதான். ஒரு காலத்தில் பல பிரித்தானிய வண்டிகளில் கியர் வலக்காலில் இருந்தது. 1974 செப்டம்பர் 1 முதல் தயாரிக்கப்படும் வண்டிகளுக்கு இடக்கால் கியரையும், மேலே தூக்கினால் மேல்கியர் என்ற முறையையும் அமெரிக்கா கட்டாயமாக்கியது. அங்கே விற்க விரும்பிய நிறுவனங்கள் தங்கள் பெட்டிகளையும் இணைப்புகளையும் அதற்கேற்ப மாற்றிக்கொண்டன. பந்தய ஓட்டுநர்களில் பலர் இன்றும் முறையைத் தலைகீழாக்கி, மிதித்தால் மேல்கியர் என்று வைத்துக்கொள்கிறார்கள். இடப்பக்கம் சாய்ந்திருக்கும்போது லீவருக்கு அடியில் காலை நுழைக்க இடம் இருக்காது என்பதே காரணம்.

நிதானம்

புதிதாக ஓட்டுபவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில், கால் எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்த இழையில் எந்திரம் நிறைய வந்துவிட்டது, கால் வரவில்லை.

உங்கள் இடக்காலணியின் மேற்புறத்தைப் பாருங்கள். லீவர் உரசிய தடம் பெருவிரலின் அடிமூட்டுக்கு மேல் இருந்தால் கால் சரியான இடத்தில் இருக்கிறது. தடம் காலணியின் நுனியில், நகத்துக்கு மேல் இருந்தால், நீங்கள் விரல் நுனியால் லீவரைச் சுண்டிவிடுகிறீர்கள். சுண்டினால் லீவர் கிளம்பும். அது முடியும் இடம் வரை போக உங்கள் விரலுக்கு வலு போதாது. லீவரைத் தூக்குவது கணுக்காலின் வேலை. குதிகாலைக் கால்மிதியில் ஊன்றிக்கொண்டு, பாதம் முழுவதையும் மேலே மடக்க வேண்டும். லீவர் இதற்கு மேல் போகாது என்று தடுத்து நிற்கும் இடத்தைப் பாதம் உணர வேண்டும்.

அந்த உணர்வு கிடைத்த பிறகும் உடனே காலை எடுக்கக் கூடாது. பொய் நியூட்ரலில் சிக்கும் என் மாணவர்களில் பெரும்பாலோர் கிளட்சை விடுவதற்கு முன்பே காலை இறக்கிவிடுகிறார்கள். கிளட்ச் விடும்போதுதான் தண்டுகள் ஒன்றுக்கொன்று சற்றே திரும்புகின்றன; முட்டிக்கொண்டு நின்ற டாக்குகள் அப்போதுதான் இடைவெளியைக் கண்டு உள்ளே விழுகின்றன. அந்தக் கணத்தில் கால் அங்கே இல்லையென்றால் அவற்றை உள்ளே தள்ள யாரும் இல்லை. கால் தூக்கட்டும், கிளட்ச் இணையட்டும், பிறகு கால் இறங்கட்டும். இறங்கிய கால் லீவருக்கு அடியில் தங்காமல் கால்மிதிக்குத் திரும்பட்டும்.

ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றுவதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுவார்கள், நடுவில் நியூட்ரலைத் தாண்ட வேண்டியிருப்பதால். அங்கே மட்டும் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான உறுதி தேவை. சிக்னலில் நின்ற பிறகு நான்கிலிருந்து ஒன்றுக்கு இறக்க முடியவில்லை என்று வருபவர்களும் உண்டு. வண்டி நின்றுவிட்டால் தண்டுகளும் நின்றுவிடும், டாக்குகள் முட்டிக்கொண்டு அசையாது. கிளட்சை மயிரிழை அளவு தளர்த்தி மீண்டும் பிடித்து மிதித்தால் விழும். அதைவிட, நிற்பதற்கு முன்பே ஒவ்வொன்றாக இறக்கிவிடுவது நல்லது.

புதுக்கைப்பிடி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நிதானம் ஐயா சொன்னபடி காலணியைப் பார்த்தேன். தடம் நுனியில்தான் இருக்கிறது. அதோடு, கோளாறு தொடங்கிய நாளும் நான் தடித்த அடிப்பாகம் உள்ள புதிய காலணி வாங்கிய நாளும் ஏறத்தாழ ஒன்றாக வருகின்றன. லீவருக்கும் கால்மிதிக்கும் நடுவே அந்தக் காலணி முழுவதும் நுழைவதே இல்லை. லீவரின் உயரத்தை நானே மாற்றலாமா? வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பழைய பட்டறை

தாராளமாக மாற்றலாம். லீவரையும் கியர்பெட்டியையும் இணைக்கும் கம்பி உங்கள் வண்டியில் இருந்தால், அதன் இரு முனைகளிலும் பூட்டு நட்டுகள் இருக்கும். பெரும்பாலும் ஒன்று வழக்கமான மரை, மற்றது எதிர்மரை; எனவே கம்பியைத் திருகினாலே நீளம் மாறும். அரைச் சுற்று அரைச் சுற்றாக மாற்றி, அமர்ந்து பார்த்து, பிறகு நட்டுகளை இறுக்குங்கள். இறுக்கும்போதே முனைகளில் உள்ள பந்து மூட்டுகளை விரலால் ஆட்டிப் பாருங்கள். அங்கே இரண்டு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும், உங்கள் காலின் உழைப்பில் ஒரு பகுதி டிரம்மைச் சென்றடையாமல் அங்கேயே கரைந்துவிடும்.

அடுத்தது கிளட்ச். லீவரில் தளர்வு மிகுதியாக இருந்தால் முழுவதும் பிடித்தாலும் தட்டுகள் முழுவதும் பிரியாது. இழுவையோடு இருக்கும் டாக்குகள் விடுபடவும் மறுக்கும், செருகவும் மறுக்கும். பல வண்டிகளின் கையேட்டில் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு என்று இருக்கும். உங்கள் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். சமதளத்தில் முதல் கியரில் கிளட்சை முழுவதும் பிடித்தபோதும் வண்டி முன்னே ஊர்ந்தால் கிளட்ச் இழுக்கிறது என்று பொருள்.

ஆயில் மாற்றி நாளாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். எஞ்சினும் கிளட்சும் பெட்டியும் ஒரே ஆயிலில் ஊறும் வண்டிகளுக்குக் குப்பியில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தர முத்திரை இருக்க வேண்டும், தடிமன் கையேட்டில் உள்ளதாக இருக்க வேண்டும். செயின் தளர்வையும் பாருங்கள். தொங்கும் செயின் ஒவ்வொரு மாற்றத்திலும் பெட்டியை உலுக்கும்.

ஒரு வேண்டுகோள்: எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது காரணம் என்று பிறகு தெரியாமல் போகும்.

மலைச்சாலை

பட்டறை ஐயாவிடம் ஒரு கேள்வி. எப்போது பெட்டிக்குள்தான் கோளாறு என்று முடிவு செய்வீர்கள்?

பழைய பட்டறை

கியர் விழாமல் போவதும், விழுந்த கியர் கழன்று வருவதும் வேறு வேறு நோய்கள். சரியாக விழுந்து, கிளட்சும் முழுவதும் விடப்பட்டு, வண்டி சில நொடிகள் இழுத்த பிறகு, ஏற்றத்திலோ முழு முறுக்கிலோ கியர் தானாகக் கழன்று எஞ்சின் வீறிட்டால், அதுவும் எப்போதும் ஒரே கியரில் நேர்ந்தால், அந்தக் கியரின் டாக்குகள் மழுங்கியிருக்கின்றன அல்லது ஃபோர்க் வளைந்திருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். ஆயில் வடிக்கும்போது திருகின் காந்தத்தில் ஒட்டியிருப்பது நுண்ணிய சாம்பல் நிறப் பசையாக இருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் துணுக்குகளாக இருந்தால் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும்வரை அந்த வண்டியை ஓட்டக் கூடாது. எல்லாக் கியர்களிலும் அவ்வப்போது விழாமல் போவது பெரும்பாலும் வெளியில் இருக்கும் காரணம்.

புதுக்கைப்பிடி

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னதால் காலம் பிடித்தது.

முதலில் எதையும் தொடாமல், காலை மட்டும் மாற்றினேன். கிளட்சை விடும்வரை லீவரைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் வருவதற்கு நான்கு நாட்கள் ஆயின. அந்த வாரத்தில் ஒரே ஒருமுறைதான் கியர் விழவில்லை, அதுவும் நான்கிலிருந்து ஐந்துக்கு. இரண்டாம் வாரம் கிளட்ச் தளர்வை அளந்தேன். கையேட்டில் சொன்ன எல்லைக்குள்ளேயே இருந்தது, ஆகவே விட்டுவிட்டேன். பிறகு லீவரை உயர்த்த இணைப்புக் கம்பியில் சாவியை வைத்தபோது, பின்முனையின் பூட்டு நட்டு கையாலேயே சுழன்றது. கம்பி அதிர்வில் தானாகத் திரும்பி நீளம் மாறியிருக்க வேண்டும். லீவர் முன்பு இருந்ததைவிடத் தாழ்ந்திருந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஒன்றரைச் சுற்றுத் திருகி, காலணி முழுவதும் அடியில் நுழையும் உயரத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு நட்டுகளையும் இறுக்கி, மீண்டும் நகர்ந்தால் தெரிவதற்காக அவற்றின் மேல் வெள்ளை வண்ணத்தில் ஒரு கோடு போட்டேன்.

அதன் பிறகு எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். ஒருமுறைகூடக் கியர் விழாமல் போகவில்லை. வெள்ளைக் கோடும் நகரவில்லை. நேற்று ஒரு சரக்கு வாகனத்தை முந்தினேன். ஐந்தாம் கியர் விழுந்த அந்தச் சின்னத் தட்டலைக் கால் தெளிவாக உணர்ந்த பிறகே கையைத் திருகினேன்.

நிதானம்

ஓராண்டு ஓட்டியவர்களே அந்தத் தட்டலுக்குக் காத்திருப்பதில்லை. மிகவும் மகிழ்ச்சி. ஆயில் மாற்றும்போது காந்தத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.